குட்டியை ஏன் வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள்?

ஸ்காட்லாந்தில் கின்கிரேக் கிராமத்துக்குப் பக்கத்தில் ஹைலேண்ட் வனவிலங்குப் பூங்கா இருக்கிறது. 2017 டிசம்பரில் அங்கே ஒரு பனிக்கரடிக் குட்டி பிறந்தது. கால் நூற்றாண்டாக பிரிட்டனில் பனிக்கரடி எதுவும் பிறந்திருக்கவில்லை என்பதால் அது பெரிய செய்தியாயிற்று. ஹாமிஷ் என்று பெயர் வைத்தார்கள். பூங்காவின் செல்லப்பிள்ளையாகிவிட்ட அந்தக் குட்டியை மூன்று வயது முடிவதற்குள், 2020 நவம்பரில், டான்காஸ்டர் அருகிலுள்ள யார்க்ஷயர் வனவிலங்குப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் தாய் விக்டோரியாவும் அந்த ஊர்க்கரடி அல்ல. டென்மார்க்கின் ஆல்போர்க்கிலிருந்து 2015இல் வந்தது. தந்தை ஆர்க்டோஸ் அதற்கு முன்பே ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து வந்திருந்தது. சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்க வருகிறவர்களுக்கு இந்தப் போக்குவரத்து புரிவதில்லை. நன்றாக ஈனுகிற ஜோடி கையில் இருக்கிறது, கூட்டத்தை இழுக்கும் குட்டியும் இருக்கிறது. அந்தக் குடும்பத்தை எதற்குக் கலைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

கலைப்பதற்கு அங்கே குடும்பம் என்று ஒன்று இருக்கவில்லை. பனிக்கரடிகளில் ஆணுக்கு அப்பன் வேலை கிடையாது. இனச்சேர்க்கைக் காலத்தில் சில நாள் பெண்ணோடு இருந்துவிட்டுத் தன் வழியே போய்விடும். குட்டி தாயோடு சுமார் இரண்டரை ஆண்டு திரியும். அது பால் குடித்துக்கொண்டு கூடவே இருக்கும்வரை தாய் மறுபடி சினைக்கு வராது. பிறகு தாயும் குட்டியும் பிரிவார்கள். இளங்கரடி பனிப்பரப்பில் எங்கோ தொலைவுக்குப் போய்விடும். ஸ்காட்லாந்துப் பூங்காவிலும் விக்டோரியாவைத் தனி அடைப்பிடத்தில் வைத்து, பருவத்தில் மட்டுமே ஆணை அதனிடம் கொண்டுபோனார்கள். ஹாமிஷ் போன அடுத்த ஆண்டு, 2021 டிசம்பரில், விக்டோரியாவுக்கு இன்னொரு குட்டி பிறந்தது. ஆர்க்டிக்கில் இளங்கரடி தன் கால்களால் செய்யும் வேலையை இங்கே ஒரு லாரி செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

பூங்காக்களுக்கிடையே விலங்குகள் இடம் மாறுவதைப் பொதுவாகப் பண்டமாற்றாகவே செய்தித்தாள்கள் எழுதுகின்றன: ‘விலங்குகள் பரிமாற்றத் திட்டத்தின்கீழ்’ இந்தப் பூங்காவிலிருந்து ஒரு ஜோடி போனது, பதிலுக்கு அங்கிருந்து ஒரு ஜோடி வந்தது. உண்மையிலேயே பல காலம் அது பண்டமாற்றாகத்தான் இருந்தது. சில இடங்களில் இன்றும் அப்படித்தான். ஆனால் அதைப் பார்க்க வேண்டிய கோணம் வேறு என்பது என் வாதம். காட்டில் ஏறத்தாழ எல்லாப் பாலூட்டிகளிலும் ஆணோ பெண்ணோ, ஏதோ ஒரு பால், வளர்ந்ததும் பிறந்த இடத்தைவிட்டுப் போகிறது. வேலி போட்டு நாம் முதலில் தடுத்தது இந்தப் பிரிதலைத்தான். ஆகவே விலங்கை இடம் மாற்றுவது பூங்காவின் பெருந்தன்மையோ வியாபாரமோ அல்ல. நாம் பறித்த ஒன்றுக்கு நாமே கட்ட வேண்டிய ஈடு. அந்த இடமாற்றம் சரியா தவறா என்பதை, காட்டின் பிரிதலை அது எவ்வளவு நெருக்கமாக ஒத்திருக்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

இந்த ஈட்டைக் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டே விலங்குகளைக் காட்டிலிருந்து பிடித்து வந்தால், அந்தக் காட்டுக் கூட்டத்தின் மரபு வேறுபாட்டில் நான்கில் மூன்று பங்கு அவற்றோடு வந்துவிடும். பத்து விலங்குகள் வந்தால் 95 சதவீதம். மலிவாகத் தெரிகிறது. செலவு அடுத்த தலைமுறையில் தொடங்குகிறது. ஜோடி அந்த ஒன்றுதான் என்றால் அதன் பிள்ளைகள் எல்லாம் அண்ணன் தங்கைகள். அவை கூடினால் பிறக்கும் குட்டியில், எந்த ஒரு மரபணுவை எடுத்தாலும் அதன் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதைப் பிரதியின் நகல்களாக இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் நமக்குப் புதிதல்ல என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்: அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் பிறக்கும் குழந்தைக்கு இந்த வாய்ப்பு பதினாறில் ஒன்று, தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பிறப்பதற்கு எட்டில் ஒன்று. தனித்துக் கிடக்கும் ஒரு பூங்காவின் மான் பட்டியில் இது ஒரு முறை நடந்து முடிவதில்லை, தலைமுறைக்குத் தலைமுறை ஏறிக்கொண்டே போகிறது. வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவின் பிறப்பு இறப்புப் பதிவுகளைப் புரட்டிய கேத்தரின் ரால்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1979இல் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். குளம்புள்ள விலங்குகளில் 16 இனங்களை எடுத்துக்கொண்டு, நெருங்கிய உறவுக் கலப்பில் பிறந்த குட்டிகளையும் மற்றவற்றையும் ஒப்பிட்டார்கள். 15 இனங்களில் உறவுக் கலப்பில் பிறந்தவையே இளமையில் அதிகம் செத்திருந்தன. அதுவரை குட்டிச் சாவுகளுக்குக் குளிர், தீவனம், தாயின் அலட்சியம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிவந்தார்கள். காரணத்தில் ஒரு பகுதி பதிவேட்டிலேயே, பெற்றோர் என்ற கட்டத்தில், எழுதப்பட்டிருந்தது.

பதிவேடு என்ற யோசனை அதற்கும் பழையது. ஐரோப்பியக் காட்டெருமையின் கடைசிக் காட்டு மந்தைகள் போலந்தின் பியாவோவியெஜா காட்டில் 1919இலும் காகசஸ் மலையில் 1927இலும் வேட்டையில் அழிந்தன. பூங்காக்களிலும் பண்ணைகளிலும் சிதறிக் கிடந்தவற்றில் கலப்பற்றவை 54 மட்டுமே. அவற்றைக் கண்டறிந்து, எது எதற்குப் பிறந்தது என்று எழுதி, 1932இல் வம்சாவளிப் பதிவேடாக அச்சிட்டார்கள். ஒரு காட்டு விலங்கினத்துக்கு அப்படி எழுதப்பட்ட முதல் பதிவேடு அது. இன்று ஐரோப்பியக் காடுகளில் ஆயிரக்கணக்கில் மேயும் காட்டெருமைகள் அனைத்தும் 12 மூல விலங்குகளின் வழிவந்தவை. பதிவேடு இல்லாதிருந்தால் அந்தப் பன்னிரண்டில் சிலவற்றின் வழி சத்தமில்லாமல் அறுந்துபோயிருக்கும்; நன்றாக ஈன்ற இரண்டு மூன்றின் வழி மட்டுமே நாடெங்கும் நிறைந்திருக்கும்.

இப்போது அந்த வேலையைக் கணினி செய்கிறது. பதிவேட்டிலுள்ள ஒவ்வொரு விலங்குக்கும், உயிரோடிருக்கும் மற்ற அனைத்தோடும் அதற்குள்ள உறவின் சராசரி நெருக்கம் ஓர் எண்ணாக வரும். எண் சிறியதாக உள்ள விலங்குக்கே முன்னுரிமை: அதன் உறவினர் குறைவு, ஆகவே அதன் மரபணுக்கள் அரிது. இதில் நம் இயல்பான எண்ணத்துக்கு நேர்மாறான ஒன்று இருக்கிறது. மாட்டுப் பண்ணைக்காரர் கட்டான உடம்புள்ள, நிறையக் கன்று போட்ட காளையைத் தேடுவார். பூங்கா விலங்குகளின் இனப்பெருக்கத்தை ஒருங்கிணைப்பவருக்கோ அந்தக் காளைதான் கடைசி. அதன் பிள்ளைகள் ஏற்கெனவே ஊரெல்லாம் இருக்கின்றன. எங்கோ ஒரு மூலையில், இதுவரை ஒரு தடவைகூடத் துணை கிடைக்காத, வயதாகிக்கொண்டிருக்கும் விலங்கே அவருடைய கண்ணில் தங்கம். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் மூல விலங்குகளின் மரபு வேறுபாட்டில் 90 சதவீதமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது பூங்காக்களின் கூட்டு இனப்பெருக்கத் திட்டங்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் இலக்கு. எந்த ஒரு பூங்காவும் தனியாக இதை எட்ட முடியாது, எத்தனை ஏக்கர் இருந்தாலும். எனவே விலங்குகளை விற்காமல் இனப்பெருக்கக் கடனாகக் கொடுக்கிறார்கள். விலங்கு ஒரு பூங்காவின் உடைமையாகவே இருந்து வேறொரு பூங்காவில் குடித்தனம் நடத்தும். யாரை யாரோடு சேர்ப்பது என்ற முடிவு அந்தப் பூங்காக்களைவிட்டு, இனம் முழுமைக்குமான ஒரு மேசைக்குப் போய்விடுகிறது. இந்தியாவில் அட்டவணைப்படுத்தப்பட்ட விலங்குகளை இடம் மாற்ற மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

பதிவேடு இருந்தால் போதாது, அது உண்மையாகவும் இருக்க வேண்டும். அமெரிக்கப் பூங்காக்கள் ஆசியச் சிங்கத்துக்கென ஒரு காப்புத் திட்டம் நடத்தி வந்தன. 1987இல் ஸ்டீபன் ஓ’பிரையன் குழு அவற்றின் இரத்தத்தைச் சோதித்தபோது, அத்திட்டத்தின் ஐந்து முக்கிய மூலச் சிங்கங்களில் இரண்டு ஆப்பிரிக்க வழியைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. ஒழுங்காகக் கணக்குப் பார்த்துச் சேர்த்த ஜோடிகள் அத்தனையும் வீண். திட்டத்தையே கலைத்துவிட்டார்கள். சண்டிகர் அருகே சத்பீர் பூங்காவிலும் சர்க்கஸ்களிலிருந்து வந்த சிங்கங்களால் இதே கதை நடந்தது. கலப்புச் சிங்கங்கள் பெருகி, கடைசியில் அவை ஈனுவதைத் தடுத்து, ஒவ்வொன்றாக வயதாகிச் சாகும்வரை வைத்துப் பராமரிக்க வேண்டியதாயிற்று. வெள்ளைப்புலி இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே தவறு தெரியாமல் நடக்கவில்லை. 1951இல் ரீவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற வெள்ளைக் குட்டி வளர்ந்து சாதாரணப் பெண்புலியோடு கூடியபோது வெள்ளைக் குட்டி எதுவும் பிறக்கவில்லை. அதை அதன் மகள் ராதாவோடு சேர்த்தார்கள். 1958இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. உலகெங்கும் பூங்காக்களில் உலவும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை அந்தச் சேர்க்கையின் வழித்தோன்றல்கள். அந்த நிறத்துக்காகவே ஜோடி சேர்ப்பதை நிறுத்துமாறு அமெரிக்கப் பூங்காக்களின் சங்கம் 2011இல் தன் உறுப்பினர்களுக்குச் சொன்னது. இந்தியப் பூங்காக்களில் வெள்ளைப்புலிக்கு இன்னமும் இருக்கும் மவுசைப் பார்த்தால், பதிவேட்டைவிடச் சீட்டு விற்பனை கவுண்டருக்குத்தான் செல்வாக்கு அதிகம் என்று தோன்றுகிறது.

காட்டை ஒத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அதில் மிகவும் கவனிக்கப்படாமல் போனது, எந்தப் பாலை நகர்த்துவது என்பது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சோலைமந்தியை, அதாவது சிங்கவால் குரங்கை எடுத்துக்கொள்வோம். அதன் கூட்டம் ஒரு தாய்வீடு. பாட்டி, மகள்கள், பேத்திகள் பிறந்த கூட்டத்தைவிட்டு நகர்வதில்லை. ஒருவர் முதுகை ஒருவர் கோதி, தாயின் படிநிலையை மகளும் பெற்று, ஆயுள் முழுக்க ஒன்றாகவே இருக்கிறார்கள். ஆண்தான் பருவம் வந்ததும் வெளியேறி, தனியாக அலைந்து, வேறொரு கூட்டத்தின் ஓரத்தில் மெல்ல இடம் பிடிக்கிறது. இந்தக் குரங்குக்கு ‘ஓர் ஆண், ஒரு பெண்’ என்று ஜோடி பிடித்து அனுப்புவது அதன் சமூகத்தைத் தலைகீழாக்கும் காரியம். தனியே அனுப்பப்பட்ட பெண், முன்பின் தெரியாத பெண்களின் நடுவே வந்து விழுந்து அடிபடும். குட்டியை எப்படித் தூக்குவது, எப்போது பால் கொடுப்பது என்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூட்டம் இல்லாத பெண், முதல் குட்டியைக் கைவிடவும் கூடும். பெண்களின் கூட்டத்தை உடைக்காமல் வைத்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆணை மட்டும் மாற்றினால் மரபுக் கணக்கும் சரியாகிறது, கூட்டமும் குலைவதில்லை. இந்தியாவில் இக்குரங்குக்கான காப்பு இனப்பெருக்கத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிடம் இருக்கிறது. அங்கே எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்பதைவிட, எத்தனை தாய்வழிகள் உடையாமல் இருக்கின்றன என்று கேட்பதே பொருத்தம். சிம்பன்சியில் இது அப்படியே மாறிவிடும்; அங்கே பெண்கள் போகிறார்கள், ஆண்கள் தங்குகிறார்கள். யானையில் மறுபடி பெண்கள் தங்குகிறார்கள். ஆனாலும் பல பத்தாண்டுகளாகப் பூங்காக்கள் இளம் பெண்யானையைத்தான் தாயிடமிருந்து பிரித்து அனுப்பிவந்தன. காரணம் எளிது: ஆண்யானையைக் கையாள்வது கடினம், அதை வைக்கக் கொட்டடி பலமாக வேண்டும்.

அதற்குக் கொடுத்த விலை 2008இல் அச்சில் வந்தது. ரோஸ் கிளப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஐரோப்பியப் பூங்கா யானைகளின் பதிவுகளை அலசியபோது, இடம் மாற்றப்பட்ட ஆசிய யானைகளுக்கு அதன்பின் சில ஆண்டுகள்வரை சாவின் அபாயம் கூடுதலாக இருந்தது. இடமாற்றத்தை எதிர்ப்பவர்களின் வலுவான ஆயுதம் இதுதான், அதை ஒதுக்கிவிட முடியாது. பெட்டிக்குள் ஏறப் பல வாரம் பழக்கினாலும், மருத்துவர் கூடவே போனாலும், போய்ச் சேர்ந்ததும் தனிமைப்படுத்தி நோய் பார்த்தாலும், பழகிய மணமும் குரலும் ஒரே நாளில் இல்லாமல் போவது விலங்குக்கு அடிதான். ஆனால் அந்த ஆய்வு எந்த விலங்கைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். காட்டில் ஒருபோதும் தாயைவிட்டுப் போகாத பாலை நகர்த்தியதன் விளைவும் அதில் கலந்திருக்கிறது. ஐரோப்பியப் பூங்காக்கள் இப்போது தாயையும் மகள்களையும் பிரிக்காமல் சேர்த்தே அனுப்ப முயல்வது இந்தப் படிப்பினையால்தான். இடமாற்றமே கூடாது என்ற முடிவுக்கு அந்த எண்கள் இட்டுச் செல்லவில்லை. காட்டுக்கு மாறான இடமாற்றம் கூடாது என்பதற்கே அவை சாட்சி.

இன்னொரு ஆட்சேபம், கணக்கு போட்டுச் சேர்த்தால் மனம் ஒத்துப்போக வேண்டாமா என்பது. லண்டன் பூங்காவில் 2019 பிப்ரவரியில் நடந்ததை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். சுமத்ராப் புலிகளான மெலாட்டியும் ஜே ஜேயும் அங்கே குட்டிகள் போட்டு முடித்திருந்தன. ஒருங்கிணைப்பாளர்கள் ஜே ஜேயைப் பிரான்ஸுக்கு அனுப்பிவிட்டு, அசிம் என்ற ஏழு வயது ஆணை டென்மார்க்கிலிருந்து கொண்டுவந்தார்கள். பத்து நாள் இரண்டையும் அடுத்தடுத்த அடைப்புகளில் வைத்து, கம்பிவலை வழியே முகர்ந்து பழக விட்டார்கள். இரண்டும் சாதகமாகவே நடந்துகொண்டன. பிறகு கதவைத் திறந்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றையொன்று சுற்றின. சட்டென்று சண்டை மூண்டது. பராமரிப்பாளர்கள் சத்தமிட்டும் தீச்சுடர் காட்டியும் ஒலியெழுப்பியும் பார்த்தார்கள். பிரிக்க முடிந்தபோது மெலாட்டி செத்திருந்தது. காட்டில் பெண்புலிக்கு ஓடிப்போக இடம் உண்டு. பூங்கா அடைப்பில் கிடையாது. காட்டின் பிரிதலை நகலெடுத்தவர்களால் அதன் அகலத்தை நகலெடுக்க முடியவில்லை.

இதற்கு விடை கணக்கைக் கைவிடுவதா? சீனாவில் ராட்சதப் பாண்டாக்களிடம் செய்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று வேறு வழி காட்டுகிறது. ஒவ்வொரு பாண்டாவுக்கும் இரு பக்கமும் ஒவ்வொரு துணையை வைத்து, எதனிடம் அதிகம் போகிறது, எதைப் பார்த்துக் குரல் கொடுக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றையொன்று விரும்பிய ஜோடிகளிலேயே கூடலும் குட்டியும் மிக அதிகம். ஒரு பக்க விருப்பம் மட்டும் இருந்த ஜோடிகள் அதற்கு அடுத்தபடி; எந்தப் பக்கமும் விருப்பமில்லாத ஜோடிகள் வெகுவாகப் பின்தங்கின. பதிவேடு ஒரே ஒரு மாப்பிள்ளையைத்தான் காட்ட வேண்டும் என்று விதி இல்லை. மரபுக் கணக்கில் ஏறத்தாழ ஒரே மதிப்புள்ள மூன்று ஆண்கள் இருந்தால், பெண்ணே அதில் ஒன்றைத் தேரட்டும். செலவு கூடும், இடம் கூடுதலாக வேண்டும்.  அசிம்கூட அதன்பின் அதே லண்டனில் வேறொரு பெண்ணோடு அமைதியாகச் சேர்ந்து 2022இல் மூன்று குட்டிகளுக்குத் தந்தையானது. ஆகவே பழி முழுவதையும் அந்த ஆணின் தலையில் போட முடியாது. அந்தச் சேர்க்கைதான் ஒத்துவரவில்லை.

கணக்கின் கசப்பான பக்கம் மாரியஸ். கோபன்ஹேகன் பூங்காவில் 18 மாதமே ஆன, எந்த நோயுமில்லாத அந்த ஒட்டகச்சிவிங்கியை 2014 பிப்ரவரி 9 அன்று சுட்டுக் கொன்று, பொதுமக்கள் முன்னிலையில் அறுத்துக் காட்டி, இறைச்சியைச் சிங்கங்களுக்குப் போட்டார்கள். அதன் மரபணுக்கள் ஐரோப்பியத் திட்டத்தில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன, அது பிடிக்கும் இடத்தை வேறொன்றுக்குக் கொடுக்கலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். வாதம் முரணற்றது என்பதை மறுக்க முடியவில்லை. காட்டில் பிரிந்து போகும் இளம் விலங்குகளில் பெரும்பாலானவை சாகத்தான் செய்கின்றன. ஆனாலும் நான் இதை ஏற்கவில்லை. பதிவேடு ‘இதைக் கூட விடாதே’ என்று மட்டுமே சொல்கிறது. ‘இதைக் கொல்’ என்பது மனிதர் சேர்த்துக்கொண்ட வரி. கருத்தடை இருக்கிறது, ஆண்களை மட்டும் சேர்த்து வைக்கும் கூட்டங்கள் இருக்கின்றன. ஹாமிஷ் போய்ச் சேர்ந்ததும் அப்படியொரு கரடிக் கூட்டத்தில்தான். கருத்தடைக்கும் விலையுண்டு என்பது மறுபக்கத்தாரின் நியாயமான பதில்: நீண்ட காலம் ஈனாமல் வைத்த பெண் யானை, காண்டாமிருகம் போன்றவற்றில் கருப்பை கெட்டு, பிறகு வேண்டும்போது சினை பிடிப்பதில்லை. நம் நாட்டில் சட்டம் மாரியஸ் வழியை அடைத்துவிட்டது. அதனால் இங்கே மிஞ்சுவது கருத்தடையும் தனித்தனிக் கொட்டடியும்தான். அதற்கு வேண்டிய இடத்தைத் திட்டமிடாமலே ஜோடி சேர்ப்பதுதான் நம் பூங்காக்களின் பழைய வியாதி.

விலங்கை எதற்கு அலைக்கழிக்க வேண்டும், விந்துவை உறையவைத்து அனுப்பினால் போதாதா என்றும் கேட்கலாம். சில இனங்களில் போதும். வெறும் ஏழு மூல விலங்குகளிலிருந்து மீண்ட அமெரிக்கக் கருங்கால் ஃபெரெட் (கீரி போன்ற சிறு வேட்டைவிலங்கு) இனத்தில் இருபது ஆண்டு உறைந்திருந்த விந்துவால் குட்டிகள் பிறந்தன. 1988இல் செல்கள் சேமிக்கப்பட்ட ஒரு பெண்ணின் நகலாக 2020இல் எலிசபெத் ஆன் பிறந்தது. பசுவுக்குப் பல பத்தாண்டுகளாகக் கைவந்த கலை புலிக்கும் யானைக்கும் அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் சினைக் காலம், ஊசி, அளவு எல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். விந்து மரபணுவைத்தான் கொண்டுபோகும், கூட்டத்தின் ஓரத்தில் வந்து நிற்கும் புதிய ஆணைக் கொண்டுபோகாது. வட வெள்ளைக் காண்டாமிருகத்தில் இரண்டும் காலம் கடந்து முயலப்பட்டன: செக் நாட்டிலிருந்து நான்கை 2009 டிசம்பரில் கென்யாவுக்குக் கொண்டுபோனார்கள், கன்று பிறக்கவில்லை, கடைசி ஆண் சூடான் 2018இல் இறந்தது.

இதெல்லாம் கூண்டுக்குள் நடக்கும் கதை, காட்டுக்கு இதனால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது, காடே இப்போது கூண்டுகளாக உடைந்துகொண்டிருக்கிறது என்பது. வால்பாறையில் தேயிலைக்கு நடுவே துண்டுபட்ட சோலைகளில் மாட்டிக்கொண்ட சோலைமந்தி ஆணுக்குப் போகத் தொடர்காடு இல்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 20, 30 என்று சுருங்கிய பூமாக்களுக்கு வால் நுனி மடங்கி, ஆண்களுக்கு விதை இறங்காமல், இதயக் கோளாறுகள் தோன்றின. 1995இல் டெக்சஸிலிருந்து எட்டுப் பெண்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் எண்ணிக்கை மும்மடங்கானது, அந்தக் குறைகளும் குறைந்தன. பூங்காவில் கற்ற அதே இடமாற்றம்தான், வேலி மட்டும் இல்லை. நம் கிர் சிங்கங்களில் ஒரு பங்கை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுபோகும்படி உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2018இல் கிர்ரில் நோய் பரவி இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் ஒரே மூச்சில் செத்தன. குனோவுக்கு 2022இல் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் வந்தன. குஜராத்திலிருந்து ஒரு சிங்கமும் வரவில்லை. சிங்கம் தன் மாநிலத்தின் பெருமை என்று நினைக்கும் அரசுக்கும், ஈனுகிற ஜோடியைக் கொடுக்க மறுக்கும் பூங்காவுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒடிசாவின் சிமிலிபால் இதை இன்னும் அருகில் காட்டுகிறது. அங்கே பல புலிகளின் கறுப்பு வரிகள் பரந்து ஒன்றோடொன்று இணைந்து, உடலின் பெரும்பகுதியும் கறுத்துத் தெரியும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021இல் இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தது. இரு பெற்றோரிடமிருந்தும் அந்தப் பிரதி வந்தால்தான் நிறம் வெளிப்படும். சிமிலிபாலுக்கு வெளியே எந்தக் காட்டுப் புலியிடமும் அது தென்படவில்லை. புவனேஸ்வரத்தின் நந்தன்கானன், ராஞ்சி, வண்டலூர் பூங்காக்களில் பிறந்த சில புலிகளிடம் மட்டும் இருந்தது. அவற்றின் வேரும் சிமிலிபாலுக்கே போனது. பூங்காக்களுக்கிடையே போன பெட்டிகளோடு ஒரு மறைந்த பிரதியும் சென்னைவரை பயணம் செய்திருக்கிறது. ஒடிசா வனத்துறையின் 2023-24 கணக்கெடுப்பில் சிமிலிபாலின் 27 வளர்ந்த புலிகளில் 13 இப்படிக் கறுத்தவை. தனித்துக் கிடக்கும் சிறு கூட்டத்தில் அபூர்வமான ஒன்று சாதாரணமாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

2024இன் கடைசி மாதங்களில் மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து யமுனா, ஜீனத் என்ற இரு பெண்புலிகளைக் கொண்டுவந்து சிமிலிபாலில் விட்டார்கள். ஜீனத் அங்கே தங்கவில்லை. ஜார்க்கண்ட் வழியாக நடந்து மேற்கு வங்கத்தின் பாங்குராவரை போய்விட்டது. டிசம்பர் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மூன்று மாநில வனத்துறையினர் பின்னால் ஓட வேண்டியிருந்ததால் இதைத் தோல்வியாகவே பலர் எழுதினார்கள். இளம்புலி ஒன்று நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் நடந்து துணையும் இடமும் தேடியதில் தோல்வி எதுவும் இல்லை. அது போகிற வழியில் ஊர்களும் சாலைகளும் இருப்பதுதான் சிக்கல். இந்தப் புலிகளுக்குச் சிமிலிபால் ஆண்களால் குட்டி பிறந்தால், தந்தை முழுக் கறுப்பாக இருந்தாலும், குட்டிகள் எல்லாம் வழக்கமான வரிகளோடுதான் இருக்கும். தாயிடமிருந்து கறுப்புப் பிரதி வரப்போவதில்லை. அடுத்த தலைமுறையில் கறுத்தவற்றின் விகிதம் குறையத் தொடங்கினால்தான் இடமாற்றம் பலித்தது என்று பொருள். இதே ஒடிசா அரசு 2024 தொடக்கத்தில், சிமிலிபாலுக்கு அருகே பாரிபடாவில் கறுப்புப் புலிகளைக் காட்டுவதற்கென்றே ஒரு சஃபாரி அமைக்கப்போவதாக அறிவித்திருந்தது. அதற்குள் யாரை யாரோடு சேர்ப்பார்கள் என்பதைப் பதிவேடு தீர்மானிக்குமா, நிறம் தீர்மானிக்குமா என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது.